குறுவைப் பணமும் திரும்பும் திரையும்

தம்பி,

குறுவை நெல் போட்ட பணம் வந்ததும் அப்பா மடிக்கணினி வாங்கித் தருவதாகச் சொன்னதையும், திரையை முழுக்கப் பின்னால் மடக்கி டேப்லெட் போலப் பிடிக்கிற உயர்ரக மாடல்தான் வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நிற்பதையும் எழுதியிருந்தாய். விலையை முதலில் நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்.

நீ கேட்ட ஹெச்பி ஸ்பெக்டர் எக்ஸ்360 14, 2024இல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 1,64,999 ரூபாய். 2025-26 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். வகுத்தால் 40 கிலோ சிப்பத்தில் 162 சிப்பம் வருகிறது. ஏறக்குறைய மூன்று ஏக்கர் மகசூல். உழவுக்கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை எதையும் இதில் கழிக்கவில்லை.

இவ்வளவு நெல்லை விழுங்குவதில் பெரும்பங்கு ஒரு கீலுக்கும், ஒரு திரைக்கும், ஒரு பேனாவுக்கும் போகிறது. அதே வகைச் செயலியோடு சாதாரணமாகத் திறந்து மூடும் மடிக்கணினி ஏறத்தாழப் பாதி விலையில் கிடைக்கும்.

360 டிகிரி திரும்பும் கீலைப் பரவலாக்கியது லெனோவோ. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது அதன் யோகா 13 கடைக்கு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்த யோகா 3 ப்ரோவின் கதை இன்னும் சுவையானது. கைக்கடிகாரச் சங்கிலி மாதிரி 813 துண்டுகளைக் கோத்து அதன் கீலைச் செய்தார்கள். பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் உடம்பை ஒல்லியாக்குவதற்காக உள்ளே வைத்த கோர் எம் செயலி, முந்தைய யோகா 2 ப்ரோவைவிட வேகம் குறைந்தது, பேட்டரியும் சிறியது. நகை ஜொலித்தது, வேலை இளைத்தது. உயர்ரக இயந்திரத்தை எடை போடுகிறவர்கள் இந்த உதாரணத்தை மறப்பதில்லை.

ஸ்பெக்டர் அந்தக் குழியில் விழவில்லை. அதன் 14 அங்குல ஓஎல்இடி திரையில் கறுப்பு என்றால் புள்ளிகள் அணைந்தே போகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியத்தின் படத்தை அதில் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. பேனா பெட்டியிலேயே வருகிறது. அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிக்கும், சாய்த்தால் நிழல் விழும். வரைபடமும் சமன்பாடும் எழுதுகிற மாணவருக்கு இது பெரிய வசதி. சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கும் ஓலை ஏடுகளை எழுதியவர்கள் ஓலையை இடக்கையில் ஏந்தி, கட்டைவிரல் நகத்தில் எழுத்தாணியை நிறுத்தி எழுதினார்கள். கண்ணாடியில் அந்தப் பிடிமானம் இல்லை, முனை வழுக்கும். பழக ஒரு மாதமாவது ஆகும். பழகாதவர்களின் பேனா பெட்டியிலேயே தூங்குகிறது. அப்படியானால் மூன்று ஏக்கரில் ஒரு நல்ல பங்கு வீண்.

டேப்லெட்டாக மடக்கினால் எடை 1.44 கிலோ. ஒன்றரைக் கிலோ அரிசிப் பையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் எழுதுவதாக நினைத்துக்கொள். தனி டேப்லெட் அரைக் கிலோதான். அதனால் இந்த ரகத்தை மடியிலோ மேசையிலோ சாய்த்து வைத்துத்தான் எழுத முடியும். வழக்கம்போல் திறந்து வைத்துத் திரையைத் தொட்டால் வேறொரு சங்கடம்: கீல் தளர்ந்திருந்தால் தலையாட்டி பொம்மை போலத் திரை ஆடும். கடையில் விரலால் நாலு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

இனி நம் காவிரி டெல்டாவுக்கே உரிய சோதனைகள். திரையின் வெளிச்சம் சாதாரணமாக 400 நிட், மேலே பளபளக்கும் கண்ணாடி. வகுப்பறைக்கு இது தாராளம். வரப்பில் உச்சிவெயிலில் விரித்தால் உன் முகம்தான் தெரியும். பெரும்பாலான மடிக்கணினிகளின் விவரத்தாளில் இயங்கும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர் அதை முற்பகலிலேயே தாண்டிவிடுகிறது. ஒல்லி உடம்பில் சூடு தங்கும், செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜில் 40 டிகிரியில் ஓராண்டு வைத்தால் சுமார் 65 சதவீதக் கொள்ளளவே மிஞ்சும். பாதிக்குச் சற்றுக் குறைவான சார்ஜில் வைத்தால் 85 வரை நிற்கும். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கேள். நம் ஊரில் அது ஆடம்பரம் இல்லை.

கூடாரம் போல நிறுத்துவது படம் பார்க்கத் தோது, அடிப்பக்கக் காற்றுத் துளைகளும் திறந்திருக்கும். விசைப்பலகையைக் கவிழ்த்துத் திரையை நிமிர்த்தும் நிலையை மட்டும் அறுவடை நாளில் திண்ணையில் வைத்துக்கொள்ளாதே. நெற்சுணை விசைகளுக்குள் புகுந்தால் எடுப்பது பெரும்பாடு.

மின்சாரக் கணக்கில் இந்த ரகத்துக்கு நல்ல மதிப்பெண். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது உனக்கு நினைவிருக்கும். 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரில் ஏறுவதால், பொருத்தமான பவர்பேங்கிலிருந்தும் இதற்கு உயிர் கொடுக்கலாம்.

பெரிய குறை உள்ளே இருக்கிறது. தஞ்சாவூரில் ஒரே பலாமரத்தில் குடைந்தெடுப்பது ஏகாந்த வீணை. குடம், தண்டி, யாளித் தலை எல்லாவற்றையும் தனித்தனியே செய்து சேர்ப்பது ஒட்டு வீணை. ஸ்பெக்டரின் ரேம் ஏகாந்த வகை, பலகையோடு பற்றவைத்தது. 16 ஜிபி வாங்கினால் கடைசிவரை 16தான். சேமிப்பகத்தை மட்டும் மாற்றலாம். 2024இலேயே ஹெச்பி ஸ்பெக்டர் என்ற பெயரைக் கைவிட்டு ஆம்னிபுக்குக்கு மாறியது. கடைக்காரர் இப்போது ஆம்னிபுக் அல்ட்ரா ஃபிளிப்பைத்தான் முன்னால் வைப்பார். சற்று எடை குறைவு. ஆனால் அதில் ரேம் செயலியோடு ஒரே பொதியில் அமர்ந்திருக்கிறது. பழைய ஸ்பெக்டர் மலிவாக வந்தால், உதிரிபாகமும் உத்தரவாதமும் எத்தனை காலம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

தமிழ்த் தட்டச்சுக்குத் தனியாக எதுவும் தேட வேண்டாம். 2019 மே புதுப்பிப்பிலிருந்து தமிழ்99 விண்டோஸிலேயே இருக்கிறது.

கடைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. பேனாவைக் கேட்டு வாங்கி, பெயரைக் கிறுக்குவதோடு விடாமல் ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார். பிறகு அதே இயந்திரத்தை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தைப் படி. எந்த வரியில் கை வலித்தது, எது தெரியவில்லை என்று அடுத்த கடிதத்தில் எழுது. முன்பணம் கட்டுவதை அதுவரை தள்ளிப்போடச் சொல்.