குறை கூறலும் புறங்கூறலும்

பீளமேட்டில் எங்கள் இல்லத்தில் ஞாயிறு மாலைதோறும் ஐந்தாறு பேர் கூடி, இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் நூல்களைப் படித்து வருகிறோம். வாய்மை என்னும் அணுவிரதத்தைப் படித்த அன்று இளைஞர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். அவர் பழைய காசுகளும் அஞ்சல்தலைகளும் சேர்ப்பவர். இணையவழியில் அவர் வாங்கிய பொருள் விற்றவர் சொன்னபடி இல்லை. குறையை எழுதினால் விற்றவரின் பிழைப்பு கெடும். எழுதாமல் விட்டால் தம் மனம் உறுத்தும். விரதம் இவ்விரண்டில் எதைச் செய்யச் சொல்கிறது என்று கேட்டார். அன்று நேரம் போதவில்லை. அவருக்கும், அவரைப் போன்ற வாசக அன்பர்களுக்குமாக இதனை எழுதுகிறேன்.

விடைக்கு முன் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுவது முறை. கொங்கு நாட்டார்க்குப் பழங்காசின்மேல் உள்ள ஆசை இன்று நேற்று வந்ததன்று. நம் வெள்ளலூரிலேயே ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்த ஊர் இது. பள்ளிப் பிள்ளைகளின் கண்காட்சிக்காக 2021-இல் நான் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் 5,500 ரூபாய்க்கு வாங்கினேன். அவ்வாண்டு முத்திரையுடைய ரூபாய் அரியது. அரியது என்பதனாலேயே அதற்குப் போலிகளும் மிகுதி. உண்மையான காசு அந்த விலைக்குக் கிடைக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது.

1835 முதல் 1939 வரை அச்சான ரூபாயின் நிறை 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. கண்காட்சி முடிந்தபின் ஐயம் தோன்றி, ராஜ வீதியில் ஒரு நகைக்கடைத் தராசில் என் காசை வைத்தபோது அது 10.4 கிராம் காட்டியது. கடைக்காரர் உரைத்துப் பார்த்து, வெள்ளி மேற்பூச்சு மட்டுமே என்றார். விற்றவர்க்கு எழுதினேன். பாதிப் பணம் தருவதாகவும், அதற்கு ஈடாக நான் எங்கும் எதுவும் எழுதலாகாது என்றும் அவர் கூறினார். நான் ஒப்புக்கொண்டேன். வயதான காலத்தில் வம்பு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து, பயிற்சிப் பள்ளிக்குச் செல்லுமுன் நான் பள்ளியில் கற்பித்த மாணவர் ஒருவர் வந்தார். நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் அதே ஆண்டுக் காசு. அதே விற்பனையாளரிடம் 9,000 ரூபாய்க்கு வாங்கியது. "டீச்சருங்க, கண்காட்சியில நீங்க வெச்சிருந்ததப் பாத்துட்டுத்தானுங்க நானும் அவருகிட்டயே வாங்குனேன். நீங்க வாங்குன எடம்னா தப்பா இருக்காதுன்னு நெனச்சனுங்க" என்றார். அவர் என்மேல் குற்றம் சுமத்தவில்லை. தாம் வாங்கியதன் காரணத்தை மட்டுமே சொன்னார். நான் பெற்ற 2,750 ரூபாய் எதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரே சொல் வழங்குவது அன்று எனக்கு உவப்பாக இல்லை.

இத்தகைய மௌனம் என் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. அறிமுகமில்லாதவர் ஒருவரிடம் மற்றவர் பொருள் வாங்கும் இணையச் சந்தைக்கு, வாங்கியவர் எழுதும் கருத்தே ஊர்ப்பெயர் போன்றது. அமெரிக்காவின் இபே நிறுவனம் 1996-இல் இம்முறையைத் தொடங்கியது. அதன் 1999-ஆம் ஆண்டுப் பதிவுகளை ரெஸ்னிக், செக்ஹாசர் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்தனர். வாங்கியோரில் ஏறத்தாழப் பாதிப்பேரே கருத்து எழுதியிருந்தனர். எழுதப்பட்டவற்றுள் குறை கூறியவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. குறை எழுதினால் விற்பவரும் பதிலுக்கு நம்மைக் குறைத்து எழுதுவாரோ என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். 2008-இல் அந்நிறுவனம் விற்போர் வாங்குவோரைப் பற்றிக் குறை எழுதுவதை நிறுத்திவிட்டது. அதே நிறுவனத்தின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. இன்று நம் பக்கத்துச் சேகரிப்பாளர் பலர் வாட்ஸ்அப், முகநூல் குழுக்களின் வழியாகவே வாங்குகின்றனர். அங்கே பழைய வாடிக்கையாளர் சொன்னதைத் தேடிப் படிக்க ஒழுங்கான ஏடு எதுவுமில்லை. ஆதலின் மௌனத்தின் கேடு இன்னும் பெரிது.

இனி நூலுக்கு வருவோம். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வாய்மை விரதத்தின் இலக்கணம் கூறப்படுகிறது. பெரும்பொய்யைத் தான் கூறாமையும் பிறரைக் கூறச் செய்யாமையும் மட்டுமன்றி, பிறர்க்குக் கேடு விளைக்கும் உண்மையைக் கூறாமையும் அதில் அடங்கும். இளைஞரை மயங்கச் செய்தது இந்த மூன்றாவது பகுதியே. வேடனுக்கு மான் ஓடிய வழியைக் காட்டும் உண்மை எத்தகையது என்று எண்ணிப் பார்த்தால் இதன் கருத்து புலப்படும். அங்கே ஓர் உயிர் அழிகிறது. போலிக் காசை விற்றவர், அது போலி என்பது வெளிப்பட்டதால் இழப்பது அவ்வழியில் இனி வரவிருந்த ஊதியத்தை. அவ்வூதியம் என் மாணவரைப் போன்றோரின் பையிலிருந்து வருவது. கேட்டை எடைபோடும்போது விற்றவர் ஒருவரை மட்டும் தட்டில் வைத்து, நாளை வாங்கப் போகிறவரை மறந்துவிடுகிறோம். அவர் நம் கண்ணுக்குத் தெரியாதவர் என்பதொன்றே அதற்குக் காரணம்.

அந்நூலும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் விரதத்திற்கு நேரும் இழுக்குகளையும் எடுத்துரைக்கின்றன. பழிதூற்றல், மறையை வெளிப்படுத்தல், புறங்கூறல், பொய்யாவணம் எழுதல், அடைக்கலப் பொருளை மறுத்தல் என இரத்தினகரண்டகம் வாய்மைக்கு ஐந்து கூறும். இவற்றுள் பொய்யாவணம் என்பதில் சற்று நின்று எண்ண வேண்டும். கடன் பத்திரத்தைத் திருத்துவோர்க்கே அது உரியது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பொருள் குறையுடையது என்று அறிந்தும், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று ஐந்து நட்சத்திரம் இடுகிறோமே, அதுவும் பலர் நம்பிப் பணம் கட்டும் ஓர் ஆவணந்தான். இரக்கத்தால் எழுதினாலும் அது பொய்யாவணமே என்பது என் கருத்து. கள்ளாமை விரதத்திற்குக் கூறிய இழுக்குகளில் ஒன்று, ஒப்புமையுடைய பொருளைக் கலந்து விற்றல். பூச்சுக் காசை வெள்ளிக் காசென விற்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

ஆயின் வாங்கியவர் கையும் எப்பொழுதும் தூயதன்று. அண்மையில் ஒருவர், தாம் வாங்கிய 1942-ஆம் ஆண்டு ரூபாயில் பாதிதான் வெள்ளி என்று கூறி, விற்றவரை மோசக்காரர் என எழுதியிருந்ததைப் படித்தேன். போர்க்காலத்தில், 1940 முதல், அரசே ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. விற்றவர் சரியான காசையே கொடுத்திருக்கிறார். அறியாமையால் எழுதிய அவ்வொரு வரி பழிதூற்றலாயிற்று. கூரியர் வண்டி தாமதித்ததற்காகக் காசுக்கு ஒரு நட்சத்திரம் இடுவோரும் உளர். இன்னொரு பக்கம், இராமர், அனுமார் உருவத்தோடு 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் பொறித்த 'அரிய காசு' என்று விற்கிறார்கள். கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. அங்கே குறை எழுதத் தயங்க வேண்டுவதில்லை. எதை எழுதுவதாயினும் முன்னதாக நிறுத்துப் பார்க்க வேண்டும். காந்தத்தை அருகே காட்டிப் பார்க்க வேண்டும், வெள்ளியை அது இழுக்காது. அறிந்தவர் ஒருவரிடம் காட்டவும் வேண்டும்.

எழுதும் முறைக்கு எனக்குத் துணையானது என் பழைய தொழிலே. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், பயிற்சி மாணவியர் வகுப்பெடுக்கும்போது கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பேட்டில் எழுதுவது என் பணி. 'பாடம் மோசம்' என்று எழுதினால் அப்பெண் அழுவாள், ஒன்றும் கற்கமாட்டாள். 'கேட்ட பதினொரு வினாக்களும் முதல் வரிசைக்கே சென்றன' என்று எழுதினால் மறுநாள் பின் வரிசைக்கும் ஒரு வினா செல்லும். பீளமேட்டார்க்கு இன்னோர் உவமையும் கூறலாம். 1956 முதல் நம்மூரில் இயங்கும் சிட்ரா ஆய்வு நிலையத்தில் பஞ்சையும் நூலையும் சோதித்து அறிக்கை தருகிறார்கள். இழையின் நீளம் இவ்வளவு, வலிமை இவ்வளவு என்று அதில் இருக்கும். பஞ்சு விற்றவர் நல்லவரா கெட்டவரா என்று ஒரு சொல்லும் இராது. ஆலைக்காரர் அதைப் படித்துத் தாமே முடிவு செய்துகொள்வார்.

மாணவருக்கு நேர்ந்ததன் பின் இம்முறையைக் கைக்கொள்ளும் வாய்ப்பு வந்தது. சமணத் தலங்களைக் காட்டும் அஞ்சல்தலைகளை ஒரே தாளில் ஒட்டிவைக்க விரும்பினேன். 1981-இல் வந்த கோமடேசுவரர் தலையும், 1974-இல் மகாவீரர் நிர்வாணத்தின் 2,500-ஆம் ஆண்டுக்கு வெளியான பாவாபுரித் தலையும் என்னிடம் இருந்தன. 1949 ஆகஸ்டு 15 அன்று வெளியான தொல்லியல் வரிசையில் மிக உயர்ந்த மதிப்பாகிய 15 ரூபாய்த் தலை இல்லை. பாலித்தானாவின் சத்துருஞ்சயக் கோயிலைக் காட்டுவது அது. முத்திரை விழாதது, மூலப் பசையுடையது என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினேன். வந்ததை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது மனம் கொதித்தது. 'பகல் கொள்ளை, ஏமாற்றுக்காரர், எவரும் இவரிடம் வாங்காதீர்' என்று எழுதினேன். அனுப்புமுன் அதைக் குறிப்பேட்டுக் கண்ணால் படித்தேன். அவர் அறிந்தே ஏமாற்றினார் என்பதற்கு என்னிடம் என்ன சான்று? அவரும் ஏமாந்து வாங்கியிருக்கலாமே. மூன்று தொடர்களையும் அழித்தேன். பின்னர் எழுதியது இது:

'1949 வரிசை, 15 ரூபாய். மூலப் பசை உள்ளது என விவரிக்கப்பட்டது. வந்த தலையில் பசை பின்னர் பூசப்பட்டதாகத் தெரிகிறது: துளைப்பற்களின் நுனிவரை பசை ஏறிப் பற்கள் விறைத்துள்ளன. சாய்ந்த ஒளியில், அழிக்கப்பட்ட முத்திரையின் வளைகோடு தெரிகிறது. அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரும் பார்த்து இதனையே கூறினார். கட்டி அனுப்பிய முறை மிக நன்று; மூன்று நாளில் வந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு எழுதி எட்டு நாளாயிற்று, மறுமொழி இல்லை.'

இரண்டு நட்சத்திரம் இட்டேன். கட்டிய முறையைப் பாராட்டியது முகத்துதி அன்று. அதுவும் நான் கண்டதே. அவருடைய கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் உறையின்மேல் இருந்தன, அவற்றை எழுதவில்லை. அது மறையை வெளிப்படுத்துவதாகும்.

மறுநாளே அழைத்தார். "அம்மா, நானும் இன்னொருத்தர்கிட்ட வாங்கி வித்ததுதாம்மா. எழுதினதை எடுத்துடுங்க, முழுப் பணமும் அனுப்பிடுறேன்" என்றார். குரல் உண்மையாகவே வருந்தியது. பணம் வந்தால் வந்தது என்று அதன் கீழேயே எழுதுகிறேன், எழுதியதை எடுக்க இயலாது என்றேன். சினந்து வைத்துவிட்டார். ஐந்தாம் நாள் பணம் வந்தது, வந்ததென எழுதினேன். அவர் என்னைத் தம் வாடிக்கையிலிருந்து விலக்கிவிட்டார். அவரிடம் நல்ல பழைய உறைகள் இருந்தன. அது எனக்கு இழப்பே.

சட்டத்தைப் பற்றி இரண்டொரு சொல். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பவர் தம்மை வாங்கியவர்போல் காட்டித் தமக்குத் தாமே கருத்து எழுதலாகாது. இணையச் சந்தையின் குறைதீர் அலுவலர் நம் முறையீட்டைப் பெற்றதை 48 மணி நேரத்திற்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். தீராவிடில் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண் உண்டு. வழக்குப் போடுவேன் என்று மிரட்டுவோர்க்கு அஞ்சுவோர் அறிய வேண்டியது ஒன்று: 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாகக் கூறும்போதே, பொதுநன்மைக்காகக் கூறும் உண்மையை விலக்கி வைத்துள்ளது. உண்மை என்று மெய்ப்பிக்கும் கடமை நம்முடையது; ஆதலின் நிறுத்த சீட்டையும் ஒளிப்படத்தையும் விளம்பரத்தின் படியையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

அந்த 1939-ஆம் ஆண்டுக் காசைப் பற்றியும் பின்னர் எழுதினேன். பெற்ற பாதிப் பணத்தை முதலில் திருப்பி அனுப்பினேன். நிறை, உரைத்துப் பார்த்த முடிவு, பெற்றதும் திருப்பியதுமான தொகை என அனைத்தையும், நான் நாள் கடத்தியதையும் சேர்த்தே பதிந்தேன். மாணவர் தம் 9,000 ரூபாய்க்காக முறையிட்டு, இன்னும் காத்திருக்கிறார். காசு என் மேசை அறையில் இருக்கிறது. எனக்குப் பின் வீட்டுப் பிள்ளைகள் அறியாமல் அதை விற்றுவிடக் கூடும் என்று, ஒரு தாளில் 'போலி, 10.4 கிராம்' என்று எழிதிக் கையொப்பமிட்டுச் சுற்றி வைத்திருக்கிறேன்.