ஐந்து ஆண்டு தாண்டினாலும் ஸ்கேனை விடாதீர்கள்

"அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம்." நுரையீரல் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் வீடுகளில், நம் ஜொகூர் மாநிலத்துச் செனாய் உட்பட எங்கும், கேட்கிற பேச்சு இது. ஐந்து ஆண்டுக்குப் பின் பழைய கட்டி திரும்பும் ஆபத்து வெகுவாகக் குறைவது உண்மைதான். புதிய கட்டி முளைக்கும் ஆபத்து குறைவதில்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு நுரையீரலிலேயே இரண்டாவது புற்றுநோய் தோன்றுகிறது. பல ஆண்டுகள் புகையின் நச்சு பட்ட வாய், தொண்டை, உணவுக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றிலும் அது வரலாம். புகைக்காதவர்களுக்கும் இரண்டாவது புற்றுநோய் வருவதுண்டு.

இதைவிடக் கொடிய நம்பிக்கை, "மறுபடி வந்துட்டா முடிஞ்சது" என்பது. புதிய கட்டி ஒவ்வொன்றும் பழையதன் பரவலாக இருக்க வேண்டியதில்லை. பரவல் என்றால் முற்றிய நிலை. தனியாக முளைத்தது என்றால் அது ஆரம்ப நிலையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியும் விதிகளை 1975-இலேயே மார்ட்டினி, மெலமெட் என்ற மருத்துவர்கள் வகுத்தார்கள்: செல்வகை வேறா, ஒரே வகை என்றால் இடையில் இரண்டு ஆண்டாவது கழிந்ததா என்று பார்த்தார்கள். இன்று இரு கட்டிகளின் மரபணு மாற்றங்களையும் ஒப்பிட முடிகிறது. சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டால் மீண்டும் அறுவை சிகிச்சையோ, கட்டியை மட்டும் குறிவைக்கும் கதிர்வீச்சோ செய்து குணப்படுத்த வாய்ப்புண்டு. ஆகவே திசுப் பரிசோதனை முடியும் முன் யாரும் மனம் தளர வேண்டாம்.

சத்து மாத்திரை காக்கும் என்று பணத்தைக் கொட்டுகிறவர்களும் உண்டு. ஆரம்ப நிலைக் கட்டியை அகற்றிக்கொண்ட 1,500-க்கும் மேற்பட்டோருக்கு செலினியம் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது; இரண்டாவது புற்றுநோயை அது தடுக்கவில்லை. பின்லாந்தில் புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியதை 1994-இலேயே கண்டார்கள்.

"நோயே வந்தாச்சு, சிகரெட்டை விட்டு என்ன பயன்?" பெரிய பயன் இருக்கிறது. மாஸ்கோவில் 517 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நோய் தெரிந்த பிறகு புகையை விட்டவர்கள், விடாதவர்களைவிடச் சராசரியாக ஒன்றே முக்கால் ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை மெல்லும் நம் பெரியவர்களும் அதை விட வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்கு அது நேரடிக் காரணம்.

சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் ஸ்கேன் என்பது பொதுவான வழக்கம். ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. சளியில் ரத்தம், மூன்று வாரமாகத் தீராத இருமல், வாயில் ஆறாத புண் என்று எது தெரிந்தாலும், அடுத்த தவணைத் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.