லயத்துப் பின்பக்கம் ஒரு கூட்டுக் கீரைப் பாத்தி

கொழுந்து எடுக்கையில் தலைச்சுற்று, களைப்பு வருகிறதா? இரத்தச்சோகையாக இருக்கலாம், கிளினிக்கில் காட்டுங்கள். அங்கே தரும் இரும்புச்சத்துக் குளிசையை விடாதீங்க. கூடவே கீரையும் வேண்டும்.

மருந்தடிச்ச மலையில் கீரை பிடுங்க வேண்டாம். நாலைந்து வீட்டார் சேர்ந்து லயத்துப் பின்பக்கம் பாத்தி கட்டி வல்லாரை, பொன்னாங்காணி போடலாம். கக்கூஸ் தண்ணீர் ஓடும் இடம் கூடாது. சமைத்த கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அது குறையும் (நாம் பறிக்கும் தேயிலைதான், என்ன செய்வது!), ஒரு மணித்தியாலம் பொறுங்க.

யார் எந்த நாள் தண்ணீர் ஊற்றுவது என்று முதலிலேயே பேசி வையுங்கள், சண்டை அங்கேதான் வரும். காவலை வேலை நின்ற பெரியவர்களிடம் விடுங்க. பகலெல்லாம் தனியே குந்தியிருக்கும் அவர்களுக்கும் பேச ஆள் கிடைக்கும்.