வேலையை விடாமல் பட்டம்: கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தேர்வாய்க்கண்டிகையிலோ காக்களூர் எஸ்டேட்டிலோ மெஷினில் நிற்க ஐடிஐ சான்றிதழ் போதும். சூப்பர்வைசர் ஆக, குவாலிட்டிக்கோ ஸ்டோர்ஸுக்கோ மாற, அரசுத் தேர்வு எழுத, 'டிகிரி இருக்கா?' என்ற கேள்வி வந்துவிடும். அதற்காக வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷம் கல்லூரிக்குப் போக முடிகிறவர்கள் இங்கே குறைவு. வேலையை விடாமல் படிக்க வழி உண்டா என்றால் உண்டு, ஒன்றுக்கு மேல் உண்டு. ஆனால் எல்லோரும் 'எங்கே கட்டணம் குறைவு?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். 'இதுவரை நான் தேறியதில் எது கணக்கில் சேரும், யார் அதைச் சேர்த்துக்கொள்வார்கள்?' என்பதுதான் முதல் கேள்வி. ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிக்காமல் இருப்பதைவிடப் பெரிய சிக்கனம் கிடையாது.

படி 1: சான்றிதழ்களை எடுத்து வெளியே வையுங்கள்

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ (தேறாத பாடம் இருந்தாலும் பரவாயில்லை), டிசி, ஐடிஐயின் என்டிசி, அப்ரண்டிஸ் முடித்த என்ஏசி, பாதியில் நின்ற டிப்ளமோ அல்லது கல்லூரியின் செமஸ்டர் மார்க் ஷீட்டுகள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் குப்பையென்று நினைக்கிறார்கள். இரண்டு வருஷம் படித்து நின்றுபோன பி.காம்.மின் பாடங்கள் சில பல்கலைக்கழகங்களில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படலாம். அதற்குப் பழைய பாடத்திட்ட நகலும் கேட்பார்கள். அதைப் பழைய கல்லூரி அலுவலகத்தில் வாங்கி வையுங்கள்.

பெயரையும் பாருங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக நீண்டு இன்னொரு பெயர் என்று இருப்பது நம் ஊரில் வழக்கம். இப்போது பல்கலைக்கழகச் சேர்க்கை ஆதாரோடு பிணைந்துவிட்டதால், இந்தச் சின்ன வேறுபாடு விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும். சேர்க்கை தொடங்கும் முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

படி 2: பிளஸ் டூ என்ற நடுப்படியைத் தாண்டாதீர்கள்

பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூவோ அதற்கு இணையானதோ இல்லாமல் நேராகப் பெற்ற பட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு வேலைகளுக்கு ஏற்க மறுத்த கதைகள் ஏராளம். அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் குறுக்கு வழி காட்டுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

பிளஸ் டூவுக்கு மூன்று வழிகள். ஒன்றிரண்டு பாடம் போனவர்கள் தனித்தேர்வராக எழுதித் தேறிவிடலாம். பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் மொழிப்பாடத் தேர்வில் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான தகுதி கிடைக்கிறது. ஐடிஐ படித்த பலருக்கே இது தெரிவதில்லை. மூன்றாவது, தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ். வேறு வாரியத்தில் தேறிய பாடங்களில் இரண்டை அங்கே எடுத்துச் செல்லலாம், மீதியை மட்டும் எழுதினால் போதும். பத்தாவதுக்குப் பின் மூன்று வருஷ டிப்ளமோ முடித்தவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை. இக்னோ போன்ற பல்கலைக்கழகங்கள் டிப்ளமோவையே பிளஸ் டூ தகுதியாக எடுத்துக்கொள்கின்றன.

படி 3: பி.இ.யா, மற்ற பட்டமா?

இங்கேதான் பணம் வீணாகிறது. கம்பெனியில் பி.இ.க்கு இருக்கிற மரியாதையைப் பார்த்துவிட்டு, 'கரஸ்ல பி.இ. முடிச்சுடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிறோம். தொலைநிலைக் கல்வியில் என்ஜினியரிங் பட்டம் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. பழைய சீனியர்கள் ஏஎம்ஐஇ என்ற என்ஜினியரிங் தேர்வை எழுதச் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது நல்ல வழி. 2013 மே 31க்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அது பட்டத்துக்கு இணையாகக் கருதப்படுகிறது, இன்று புதிதாகச் சேர்கிறவருக்கு அந்தப் பலன் இல்லை.

அப்படியானால் தொழிலாளி என்ஜினியர் ஆகவே முடியாதா? முடியும். 'கிரெடிட்' என்ற பேச்சு வருவதற்கு வெகு முன்பிருந்தே தமிழ்நாட்டில் ஒரு நல்ல ஏணி இருக்கிறது. பத்தாவதுக்குப் பின் இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு இடத்திலும் ஒரு வருஷக் கட்டணமும் காலமும் மிச்சம். நேரடி இரண்டாம் ஆண்டுக்கென்று தனிக் கலந்தாய்வு நடக்கிறது. பல ஆண்டுகளாக அதைக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவந்திருக்கிறது. பி.எஸ்சி. முடித்தவர்களும் அதில் விண்ணப்பிக்கலாம்.

குறை என்னவென்றால் இது பகல் வகுப்பு. வேலையோடு செய்ய வேண்டுமென்றால் பகுதிநேர பி.இ. உண்டு, ஆனால் அதை நடத்தும் அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் கோவை, சேலம், திருநெல்வேலி, வேலூர் பக்கம். 2023–24 கல்வியாண்டிலிருந்து தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ, டிப்ளமோ முடித்து வேலை பார்க்கிறவர்களுக்கென்று நெகிழ்வான நேர வகுப்புகளைக் கல்லூரிகள் நடத்த அனுமதித்திருக்கிறது. சென்னை, திருவள்ளூர் பக்கத்துக் கல்லூரிகளில் விசாரிக்கும்போது 'பணியிலிருப்போருக்கான பி.இ. இருக்கிறதா, ஏஐசிடிஇ அனுமதிக் கடிதத்தைக் காட்டுவீர்களா?' என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஷாப் ஃப்ளோரிலிருந்து மேலே வர நினைக்கும் பலருக்கு பி.இ.யைவிட பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற பட்டம் சீக்கிரம் பலன் தரும். அதைத் தொலைநிலையில் சட்டப்படி வாங்கலாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது.

படி 4: கிரெடிட்டைச் சேர்த்து வைக்க இடம் பிடியுங்கள்

ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 30 மணி நேரப் படிப்பு. 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு வருஷத்துக்கு 40 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரம்.

அமெரிக்காவில் கிளெப் என்ற தேர்வு உண்டு. சொந்தமாகப் படித்து எழுதித் தேறினால் நிறையக் கல்லூரிகள் அதற்குக் கிரெடிட் தருகின்றன. நம்மிடம் அப்படித் தனியாக எழுதிச் சேர்க்கிற ஏற்பாடு பரவலாக இல்லை. அதற்கு நெருக்கமானது ஸ்வயம். 2017இல் தொடங்கிய இந்தத் தளத்தில் பாடம் கேட்பது இலவசம், சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களும் இதில்தான் வருகின்றன. 12 வாரப் பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட். யுஜிசியின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரில் 40 விழுக்காடு வரை பாடங்களை ஸ்வயம் வழியாக எடுக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம்.

'அனுமதிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். சும்மா பத்துப் பாடம் முடித்துச் சான்றிதழ்களை அடுக்கினால் அது பட்டம் ஆகாது. முதலில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும், அங்கே 'இந்தப் பாடத்துக்குப் பதிலாக இதை ஏற்பீர்களா?' என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். வாய்மொழி உறுதி போதாது.

2021 ஜூலையில் வந்த கிரெடிட் வங்கி, அதாவது ஏபிசி, இந்தக் கணக்கை வைத்திருக்கும் இடம். டிஜிலாக்கர் வழியாகக் கணக்குத் தொடங்கலாம், காசு கிடையாது. அதில் சேரும் கிரெடிட் பொதுவாக 7 வருஷம் செல்லும். பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதிக் கிரெடிட்டைப் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்த ஏற்பாடுகளுக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. அதனால் ஒரு வருஷம் படித்து நின்றால் சான்றிதழ், இரண்டு வருஷமென்றால் டிப்ளமோ என்று விளம்பரங்களில் வருவது மாநிலப் பல்கலைக்கழகங்களில் அப்படியே நடக்கும் என்று எண்ண வேண்டாம்.

எட்டு வருஷம் ஃபர்னஸ் பக்கத்தில் நின்ற அனுபவத்துக்குக் கிரெடிட் உண்டா? காகிதத்தில் அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

படி 5: எங்கே சேர்வது?

தமிழில் படிக்க வேண்டுமென்றால் சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதலில். 2002இல் தொடங்கியது, பாட நூல்களும் தேர்வும் தமிழில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981 முதல் நடக்கிறது. ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வருமென்றால் இக்னோ. பி.ஏ. போன்ற பொதுப் பட்டத்துக்கு ஆண்டுக் கட்டணம் சில ஆயிரத்தில் முடியும். மூன்று வருஷப் பட்டத்தை ஆறு வருஷம் வரை இழுத்து முடிக்கலாம். ஷிஃப்ட் வேலைக்காரருக்கு இந்த இழுப்புதான் பெரிய வரம். அசைன்மென்ட்டுக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70 என்று மதிப்பெண் பிரிவதும் உதவும்.

கணக்கு நன்றாக வருகிறவர்களுக்கு ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பிஎஸ் இருக்கிறது. ஜேஇஇ தேவையில்லை, தகுதித் தேர்வு மட்டும். பட்டம் வரை போகாமல் இடையில் டிப்ளமோவோடும் வெளியே வரலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் வாரந்தோறும் அசைன்மென்ட் கெடு விழும், ஓ.டி. அதிகம் பார்க்கிறவர்கள் யோசித்துச் சேருங்கள்.

பிளஸ் டூ முடித்து இன்னும் வேலைக்குப் போகாத தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தொலைநிலை வேண்டாம். பொன்னேரியில் லோகநாத நாராயணசாமி அரசுக் கலைக் கல்லூரியும், திருத்தணியில் சுப்பிரமணிய சுவாமி அரசுக் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்கு டியூஷன் கட்டணமே இல்லை. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். தொலைநிலையில் சேர்ந்தால் அது வராது.

படி 6: பணம் கட்டும் முன்

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் (டெப்) இணையதளத்தில், நீங்கள் சேரும் வருஷத்துக்கு, நீங்கள் சேரும் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்து படிப்புக்கு இல்லாமல் இருக்கலாம். 2024 முதல் தொலைநிலைச் சேர்க்கைக்கு அங்கே டெப் ஐடி எடுப்பது கட்டாயம், அதற்கு ஏபிசி ஐடி வேண்டும். இந்த இரண்டையும் கேட்காமல் பணம் வாங்குகிற 'சென்டர்' கதவைத் தாண்டி வந்துவிடுங்கள். 'ஒரே சிட்டிங்கில் டிகிரி', 'பேக் டேட்டில் டிகிரி' என்கிறவர்கள் விற்பது வெறும் காகிதம். பிற மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ரயிலடிப் பக்கம் நடக்கும் ஒற்றை அறை மையங்களும் அதே வகைதான். கட்டணம் எப்போதும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில், உங்கள் பெயரில், ரசீதோடு.

செலவைக் கணக்கிடும்போது கட்டணத்தை மட்டும் எழுதாதீர்கள். தேர்வுக் கட்டணம், புத்தகம், சென்னைக்குப் போய்வரும் செலவு எல்லாவற்றையும்விட அதிகமாக விழுவது சம்பளப் பிடித்தம்தான். காண்ட்ராக்டில் இருப்பவருக்கு ஆறு தேர்வு என்றால் ஆறு நாள் கூலி. இக்னோ தேர்வுகள் ஜூன், டிசம்பரில் வரும். அட்டவணை வந்த அன்றே நகலெடுத்து ஹெச்.ஆரிடம் கையெழுத்து வாங்கி, உங்கள் குழுவில் ஒருவரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளப் பேசிவிடுங்கள். காலைத் தேர்வுக்கு முந்தைய இரவு நைட் ஷிஃப்ட் வேண்டாம். தேர்வு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கும்மிடிப்பூண்டி லைனில் இருப்பவர்கள் மின்சார ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ளதையும், திருவள்ளூர் பக்கத்தவர்கள் ஆவடி, அம்பத்தூர் லைனில் உள்ளதையும் பாருங்கள். முதல் செமஸ்டரில் எல்லாப் பாடத்தையும் எழுத முயல வேண்டாம், மூன்று எழுதினால் போதும்.