மத்தியானத்தைக் காலியாக விடு

அன்புள்ள தம்பிக்கு,

"மூன்று நாள் ரிட்ரீட்டுக்கு ஆகிற காசில் இரண்டு கிராமத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திவிடலாமே அண்ணா" என்று எழுதியிருந்தாய். காணிக்கைப் பணத்தை எண்ணிச் செலவழிக்க நினைக்கிறாய்; சந்தோஷம். உன் வயதில் நானும் இதையே கேட்டவன்தான். கேட்டதோடு நிற்காமல், நான் போன முகாமில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தவன்.

மாற்கு ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார். ஊழியத்துக்குப் போன பன்னிருவரும் திரும்பி வந்து நடந்ததையெல்லாம் சொல்கிறார்கள். சாப்பிடக்கூட விடாமல் ஜனம் வந்து போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டவர் அடுத்த ஊர் எது என்று கேட்கவில்லை. கொஞ்சம் இளைப்பாற ஒரு தனியிடத்துக்கு அவர்களைப் படகில் கூட்டிப்போகிறார். கூட்டம் கரைவழியாக ஓடி, அங்கே முந்திப்போய் நின்றது வேறு விஷயம். முதல் ரிட்ரீட்டே அப்படித்தான் கலைந்தது. உங்கள் முகாமில் மழை வந்தால் மனம் சோராதே.

உடம்புக்கும் ஓய்வு வேண்டும். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது ஊர் சுற்ற அல்ல, சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக்க. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை.

1800-இல் கேரி, மார்ஷ்மன், வார்ட் என்ற மூன்று மிஷனரிகளும் கல்கத்தா பக்கத்தில் செராம்பூரில் குடும்பங்களோடு ஒன்றாகக் குடியேறினார்கள். ஒரே பந்தி, ஒரே பணப்பெட்டி. அச்சகம், பள்ளி, மொழிபெயர்ப்பு என்று மூச்சுவிட நேரமில்லாத வேலை. அதற்கு நடுவிலும் சனிக்கிழமை மாலையை ஒரே காரியத்துக்கு ஒதுக்கினார்கள்: அவர்களுக்குள் இருக்கிற மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பது. அவர்களை அனுப்பிய மிஷன் சங்கத்தில் இருந்து, இங்கிலாந்தில் அவர்களைத் தாங்கிவந்த ஆண்ட்ரூ ஃபுல்லர் 1815-இல் இறந்தார். அதன்பின் சங்கத்தின் கமிட்டிக்கு வந்தவர்களில் பலர் கேரியை முகம் பார்த்தறியாதவர்கள். கடிதம் போகப்போகச் சந்தேகம்தான் வளர்ந்தது. 1827-இல் செராம்பூர் அந்தச் சங்கத்தை விட்டே பிரிந்தது. மூவருக்குள் மட்டும் கடைசிவரை பிளவு வரவில்லை. காரணம் சனிக்கிழமைகள்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

நமக்கு ஒரே பந்தி ஏது? ஆளுக்கொரு கிராமம், எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஸ்தோத்திரம் போடலாம், மனத்தாங்கலைப் போட முடியுமா?

என் கதையைக் கேள். அப்போது கணக்கு என் கையில். வேன் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் டீசல் பில்லை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அதன்பிறகு இரண்டு வருஷம் அவர் என்னிடம் "பிரைஸ் த லார்ட்" தவிர வேறொன்றும் பேசவில்லை. தினமும் ஆறு மணி ஜெபத்தில் பக்கத்தில்தான் முழங்கால் போடுவோம்! ஒரு முகாமில் பேச்சாளர் வந்த பஸ் எங்கோ நின்றுபோனது. சமையல்கார அக்கா சும்மா இருந்த எங்கள் முன் ஒரு கூடை சின்ன வெங்காயத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அரைக்கூடை உரித்திருப்போம். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "பில்லு அன்னைக்கு என் சட்டைப் பையிலதான் தம்பி இருந்துச்சு. குடுக்க மனசு வரல." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் உரித்ததை அவர் தட்டில் போட்டேன். கூடை காலியாவதற்குள் இரண்டு வருஷத்துப் பேச்சையும் பேசிவிட்டோம். அந்த முகாமில் கேட்ட பிரசங்கம் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை.

ஆகவே காசு கொஞ்சம் இருந்தால் பெரிய பேச்சாளருக்குச் செலவழிக்காதே. ஒரே ஆள் காலையில் ஒரு மணி நேரம் வேதத்தைத் திறந்தால் போதும். அறைக்கு இரண்டு பேராகப் போடும்போது, வழக்கமாகச் சேர்ந்து சுற்றுகிறவர்களைப் பிரித்துப் போடு. காய்கறி நறுக்க வெளியாள் வைக்காதே. கல்யாணமானவர்கள் மனைவி பிள்ளைகளோடு வரட்டும். ஊழியத்தின் பாரத்தை அவர்களும்தானே சுமக்கிறார்கள்? அடுத்த வருஷத் திட்டம் பேசித்தான் தீரவேண்டும் என்றால் கடைசி நாள் காலையில் பேசுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துவரை ஏதாவது எழுதியிருந்தால் அடித்துத் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
அண்ணன்