ஒரே எண், இரண்டு பொருள்: மருத்துவமனைக் கணினிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்வது எப்படி?



இம்மாதப் பாடத்தை ஒரு வீட்டுக் காட்சியோடு தொடங்குவோம். மலேசியாவில் பல வருடம் கடை நடத்திய வாப்பா ஊருக்குத் திரும்பி வருகிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு. அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து, மகன் தன் செல்போனில் "வாப்பா சுகர் 7.8" என்று குறித்துக்கொள்கிறார். ரிப்போர்ட் பெட்டிக்குள் போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்து இங்குள்ள மருத்துவரிடம் போகும்போது அந்த 7.8 மட்டும்தான் கைவசம் இருக்கிறது.

மருத்துவர் கேட்கிறார்: "இது வெறும் வயிற்றில் எடுத்ததா, மூன்று மாதச் சராசரியா?" வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று எழுதுவார்கள். நம் ஊர் லேப்களில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறோம். அங்குள்ள எண்ணை 18 ஆல் பெருக்கினால் நம் எண் கிடைக்கும். 7.8 ஐ 18 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 140. ஆனால் அதே 7.8, எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையின் சதவீதமாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்த மாதங்களில் சர்க்கரை சராசரியாக 177 வரை இருந்திருக்கிறது என்று பொருள். எண் ஒன்றுதான், அது சொல்லும் நிலைமை இரண்டு. மாத்திரையைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்ற முடிவே இதனால் மாறக்கூடும்.

மருத்துவர் மனிதர், சந்தேகம் வந்தால் கேட்பார். கணினி கேட்காது. ஒரு மருத்துவமனையின் கணினி இன்னொரு மருத்துவமனையின் கணினிக்கு வெறும் "7.8" என்று அனுப்பினால், வாங்கும் கணினி தனக்குத் தெரிந்த பொருளிலேயே அதை எடுத்துக்கொள்ளும். இதைத் தடுப்பதற்காக உலகம் முழுவதும் செய்துகொண்டிருக்கும் ஏற்பாட்டுக்குத்தான் பொதுத் தரவு நியமங்கள் என்று பெயர்.

ஜமாஅத் கடிதம் ஓர் உதாரணம்

வெளியூர் மாப்பிள்ளைக்கு நம் ஊரில் நிக்காஹ் என்றால், அவருடைய ஜமாஅத்திலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்கிறோம். அந்தக் கடிதத்தில் பெயர், தந்தை பெயர், முகவரி, ஏற்கெனவே திருமணம் ஆனவரா என்ற விவரம், நிர்வாகியின் கையொப்பம், முத்திரை எல்லாம் இருக்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் தெரியும். அதனால்தான் முன்பின் அறியாத ஊரின் கடிதத்தையும் நம் செயலாளர் வாசித்து, நிக்காஹ் தஃப்தரில் பதிய முடிகிறது. ஒரு ஊர் தந்தை பெயரை விட்டுவிட்டு, இன்னொரு ஊர் தனக்கு மட்டும் தெரிந்த சுருக்க எழுத்தில் எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மருத்துவக் கணினிகளின் நிலைமையும் இதுவே. மருத்துவமனை, லேப், ஸ்கேன் மையம், மருந்துக் கடை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தின் மென்பொருளை வைத்திருக்கிறது. எல்லாரும் ஒரே மென்பொருளை வாங்க வேண்டியதில்லை. வெளியே அனுப்பும் கடிதம் மட்டும் ஒரே முறையில் இருந்தால் போதும். அதற்கு நான்கு விஷயங்களில் உடன்பாடு வேண்டும்.

1. யாருடையது?

இது நம் குடும்பங்களுக்கு மிகவும் நெருங்கிய சிக்கல். முகமது, முஹம்மது, முகம்மது என்று தமிழிலேயே பல விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இன்னும் அதிகம். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் இன்னொன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. சிலருக்கு வாப்பாவின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும், சிலருக்குப் பின்னால் முழுப் பெயராக வரும். வயதானவர்களுக்குப் பிறந்த தேதி உத்தேசமாகப் போட்டதாக இருக்கும்.

இதனால் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒரே ஆளைக் கணினி இரண்டு பேராக நினைத்தால், முதல் பதிவில் இருக்கும் "பென்சிலின் ஒவ்வாது" என்ற எச்சரிக்கை இரண்டாவது பதிவில் இருக்காது. ஒரே பெயருள்ள இரண்டு பேரை ஒருவராகச் சேர்த்துவிட்டால் அது இன்னும் மோசம், ஒருவருடைய ரத்த வகை அடுத்தவர் கோப்பில் போய் உட்காரும். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், ஆளுக்கு ஓர் அடையாள எண் என்பது முதல் உடன்பாடு. கர்ப்பிணிப் பெண்களுக்குத் தரப்படும் பிக்மி எண் நம் உம்மாமார்களுக்கும் ராத்தாமார்களுக்கும் தெரிந்ததுதான். அதைப் போன்ற ஒன்று என்று நினைத்துக்கொள்ளலாம்.

2. எந்தப் பரிசோதனை?

ஒரு லேப் "எஃப்பிஎஸ்" என்று எழுதும், இன்னொன்று "ஃபாஸ்டிங் சுகர்" என்று எழுதும், வேறொன்று "குளுக்கோஸ் எஃப்" என்று எழுதும். நமக்குப் புரியும், கணினிக்கு இவை மூன்றும் வேறு வேறு. இதற்காக அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலுள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994 இல் லாயிங்க் என்ற குறியீட்டுப் பட்டியலைத் தொடங்கியது. அதில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஓர் எண் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை மில்லிகிராம் அளவில் என்றால் 1558-6. எச்பிஏ1சி என்றால் 4548-4. மில்லிமோல் அளவுக்குத் தனி எண். இந்த எண் கூட வந்திருந்தால், வாப்பாவின் 7.8 எது என்ற கேள்வியே எழுந்திருக்காது.

நோய்களின் பெயருக்கும் இப்படியே. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இ11. நோய், அறிகுறி, சிகிச்சை எல்லாவற்றையும் விரிவாகக் குறிக்க ஸ்னோமெட் சிடி என்ற தொகுதி உண்டு. இந்தியா அதில் 2014 இல் உறுப்பு நாடாகச் சேர்ந்தது.

3. எந்த அளவில்?

எண்ணோடு அலகும் சேர்ந்தே போக வேண்டும். சர்க்கரையை மேலே பார்த்தோம். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசிய ரிப்போர்ட்டில் 97 என்று இருக்கும். இங்கே ஒன்றைச் சுற்றிய எண்களையே பார்த்துப் பழகிய நமக்கு 97 என்றதும் நெஞ்சு படபடக்கும். அது லிட்டருக்கு மைக்ரோமோல். 88.4 ஆல் வகுத்தால் நம் அளவில் ஏறத்தாழ 1.1. அலகு தெரியாததால் ஒரு வீடு இரவெல்லாம் தூங்காமல் இருக்கலாம். இதன் மறுபக்கமும் உண்டு, உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய எண்ணைச் சாதாரணம் என்று விட்டுவிடவும் கூடும்.

4. எந்த வடிவத்தில்?

யார், எது, எவ்வளவு என்று தீர்மானித்த பிறகு, அவற்றை ஒரு கடிதமாக எப்படி அடுக்குவது? 1987 இல் அமெரிக்காவில் எச்எல்7 என்ற அமைப்பு இதற்காகவே தொடங்கப்பட்டது. அதன் பழைய முறையில் விவரங்களை நெடுங்கோடுகளால் பிரித்து வரி வரியாக அனுப்புவார்கள். இன்றும் ஏராளமான மருத்துவமனைகளின் உள்ளே லேப் கணினியும் வார்டு கணினியும் இந்த முறையில்தான் பேசிக்கொள்கின்றன.

அதன் புதிய முறைக்கு எஃப்எச்ஐஆர் என்று பெயர், "ஃபயர்" என்று உச்சரிப்பார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரஹாம் க்ரீவ் இதற்கு அடித்தளம் போட்டவர். இதில் மருத்துவ விவரங்களைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். நோயாளி ஒரு துண்டு, பரிசோதனை முடிவு ஒரு துண்டு, மருந்துச் சீட்டு ஒரு துண்டு, ஒவ்வாமை ஒரு துண்டு. பரிசோதனை முடிவு என்ற துண்டில் இன்ன நோயாளி, இன்ன குறியீட்டு எண், இன்ன தேதி, இன்ன மதிப்பு, இன்ன அலகு என்று ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எந்த நாட்டு மென்பொருளாக இருந்தாலும், எந்த இடத்தில் எது இருக்கும் என்பது அதற்குத் தெரியும்.

எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ படங்களுக்கு டைகாம் என்ற நியமம் தனியாக உண்டு. 1985 இல் வேறு பெயரில் தொடங்கி, 1993 இல் இந்தப் பெயருக்கு வந்தது. ஸ்கேன் மையத்தில் தரும் சிடியில் இருப்பது பெரும்பாலும் இந்த வடிவம்தான். ஃபிலிமை மட்டும் வைத்துக்கொண்டு சிடியைக் குழந்தைகளிடம் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். வேறு மருத்துவர் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு அடுக்காகப் பார்க்க அது வேண்டும்.

நம் நாட்டில் எங்கே நிற்கிறோம்?

2020 ஆகஸ்ட் 15 அன்று தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாக நடந்தது. புதுச்சேரியும், அதைச் சேர்ந்த நம் காரைக்காலும் அதில் அடக்கம். 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இதில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஆபா எனப்படும் 14 இலக்க எண். மருத்துவமனைகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் பதிவுகளுக்கு எஃப்எச்ஐஆர் முறையையே இத்திட்டம் தேர்ந்தெடுத்திருக்கிறது.

இதில் மூன்று விஷயங்களைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, ஆபா எண் காப்பீட்டு அட்டை அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு, இது வேறு. ஆபா எண்ணைக் காட்டினால் சிகிச்சை இலவசமாகிவிடாது. அது பதிவுகளைச் சேர்க்கும் எண் மட்டுமே.

இரண்டு, இது கட்டாயம் அல்ல, விருப்பம்.

மூன்று, பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவித்து வைக்கப்படுவதில்லை. அவை எந்த மருத்துவமனையில் உண்டானதோ அங்கேயே இருக்கும். இன்னொரு மருத்துவர் பார்க்க விரும்பினால், யார் கேட்கிறார், எதற்காக, எந்தப் பதிவுகள், எவ்வளவு காலத்துக்கு என்ற விவரத்துடன் உங்கள் செல்போனுக்குக் கோரிக்கை வரும். நீங்கள் சம்மதித்தால்தான் பதிவு நகரும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு.

எனவே படிக்காமல் "சரி" என்று அழுத்தாதீர்கள். ஓடிபியைக் கேட்பவர் யாராக இருந்தாலும் போனில் சொல்லாதீர்கள். ஒருவருடைய நோய் விவரம் அமானிதம். பிள்ளைகளின் திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் ஒரு ரிப்போர்ட் வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உம்மாவின் ரிப்போர்ட்டைப் போடும் காக்காவும் இதை யோசிக்க வேண்டும்.

நியமம் செய்யாதது

நியமம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. காகித ரிப்போர்ட்டைப் படம் பிடித்து பிடிஎஃப் ஆக ஏற்றினால், மனிதர் வாசிக்கலாம். கணினிக்கு அது வெறும் படம். போன வருடச் சர்க்கரையோடு இந்த வருடத்தை ஒப்பிடவோ, ஒவ்வாத மருந்தை எழுதும்போது எச்சரிக்கவோ அதனால் இயலாது. லேப் ஊழியர் தவறான குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தவறும் அழகாக, வேகமாகப் பரவும். கடிதத்தின் வடிவம் சரியாக இருப்பது வேறு, அதில் எழுதியது சரியாக இருப்பது வேறு.

நாம் இன்றே செய்யக்கூடியவை

• வீட்டில் ஆளுக்கு ஒரு ஃபைல் போடுங்கள். எண்ணை மட்டும் குறிக்காதீர்கள். பரிசோதனையின் பெயர், எண், அலகு, தேதி நான்கையும் சேர்த்தே எழுதுங்கள்.
• வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அசல் ரிப்போர்ட்டைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.
• மாத்திரை அட்டையில் உள்ள மருந்தின் மூலப் பெயரையும் மில்லிகிராமையும் குறியுங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.
• ஒவ்வாத மருந்து எதுவோ, அதை ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள்.
• மருத்துவமனையில் பெயர் பதியும்போது ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

ஜமாஅத் அல்லது அறக்கட்டளை சார்பில் கிளினிக், லேப் நடத்துபவர்கள் மென்பொருள் வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: இது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனோடு இணைக்கப்பட்டதா? பதிவுகளை எஃப்எச்ஐஆர் வடிவில் வெளியே தருமா, அல்லது பிடிஎஃப் மட்டும்தானா? பரிசோதனைகளுக்கு லாயிங்க் எண் உண்டா? நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் எங்கள் நோயாளிகளின் பதிவு முழுவதும் எங்கள் கைக்கு வருமா? கடைசிக் கேள்விக்கு எழுத்து மூலமாகப் பதில் வாங்குங்கள். அந்தப் பதிவு மென்பொருள் கம்பெனியின் சொத்து அல்ல, நம்மிடம் வைத்தியத்துக்கு வந்த மக்களுடையது.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் ஒவ்வொருவரின் பெயரும் ஆதார், பாஸ்போர்ட், மருத்துவமனைச் சீட்டு மூன்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா?
2. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ இரவில் திடீரென்று உடம்பு முடியாமல் போனால், அவர்கள் சாப்பிடும் மருந்துகளையும் ஒவ்வாததையும் ஐந்து நிமிடத்தில் மருத்துவரிடம் காட்ட முடியுமா?
3. கடைசியாக எடுத்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது?

மூன்றாவது கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பள்ளியில் படித்த மோலும் லிட்டரும் வாப்பாவின் உடம்போடு சம்பந்தப்பட்டவை என்று அவர்களுக்கும் தெரியட்டும்.