நடுமோட்டார் மின்சைக்கிள்: வீட்டிலேயே கட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

மின்சைக்கிள் கட்ட ஆசைப்படுபவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை வாட்?’ என்பதுதான். மிட்-டிரைவ் எனப்படும் நடுமோட்டார் வண்டிக்கு அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டியது. இந்த மோட்டார் பெடல் அச்சில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் மிதித்துச் சுழற்றும் அதே செயினை இழுக்கிறது. ஆகவே பின்சக்கரத்துக் கியர்கள் உங்கள் காலுக்கு எப்படி உதவுகின்றனவோ அப்படியே மோட்டாருக்கும் உதவும். சக்கரத்துக்குள் அடங்கிய ஹப் மோட்டாருக்கு அந்த வசதி கிடையாது. ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய அது பேட்டரியின் மின்சாரத்தைச் சூடாகவே செலவழிக்கும்.

உங்கள் ஊர் தட்டையாக இருந்து, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் ஒரு மேம்பாலம் மட்டுமே ஏற்றம் என்றால், ஹப் மோட்டாரே போதும். விலையும் வேலையும் குறைவு. மலைப்பாதை, சுமை, நீண்ட தூரம் என்று யோசிப்பவர்கள் மேலே படிக்கலாம்.

எத்தனை வாட் உண்மையில் தேவை?

ஓட்டுநர், சைக்கிள், பேட்டரி எல்லாம் சேர்ந்து 105 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் மலைச்சாலையில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 240 வாட் வேண்டும். டயர் உராய்வையும் செயினில் போவதையும் சேர்த்தாலும் 300 வாட்டுக்குள் முடிந்துவிடும். சுமாரான உடல்வாகு உள்ளவர் மிதித்தே 80, 100 வாட் கொடுத்துவிடுவார். மிச்சத்தை 250 வாட் மோட்டார் சிரமமில்லாமல் பார்த்துக்கொள்ளும். அதே ஏற்றத்தை 25 கி.மீ. வேகத்தில் ஏற நினைத்தால் தேவை இரட்டிப்பாகிவிடும். பெரிய மோட்டார் வாங்குபவர்கள் அந்த அவசரத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாத மின்வண்டிக்கு வைத்திருக்கும் எல்லை 250 வாட், மணிக்கு 25 கி.மீ. சான்று பெற்ற கம்பெனி வண்டிகளை மனதில் வைத்து எழுதிய விதி அது. வீட்டில் கட்டிய வண்டி அந்த எல்லைக்குள் நிற்பது குறைந்தபட்ச ஒழுங்கு.

ஆகவே இந்த வழிகாட்டி, சீனாவின் சூசோ நகரத்து பாஃபாங் நிறுவனத்தின் பிபிஎஸ்01 என்ற 36 வோல்ட், 250 வாட் கிட்டை வைத்துச் செல்கிறது. அதன் அண்ணன்மார் பிபிஎஸ்02-வும் பிபிஎஸ்எச்டி-யும் 750, 1000 வாட் வரை போகும். பொருத்தும் முறை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது

பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது பெடல் அச்சு ஓடும் குழாய், கடைக்காரர் ‘பிபி’ என்று சொல்லும் இடம். அதன் அகலம் 68 அல்லது 73 மி.மீ. இருக்க வேண்டும். மோட்டாரின் அச்சு 33.5 மி.மீ. தடிமன் கொண்டது. பிபியின் உள்விட்டம் அதை ஏற்க வேண்டும். மரையுள்ள சாதாரண பிபி என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. காட்டர் பின் போட்ட பழைய கறுப்புச் சைக்கிளில் ஆசை இருந்தால், கிட்டை ஆர்டர் செய்யும் முன் கிராங்கைக் கழற்றி வெர்னியரால் அளந்துவிடுங்கள். கார்பன் பிரேம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து பிரேக். டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு சாலையில் ஏறிய வண்டி இறங்கியும் ஆக வேண்டும். மோட்டாரும் பேட்டரியும் கூட்டிய ஏழெட்டுக் கிலோவையும் அந்தப் பிரேக்தான் தாங்கும்.

மூன்றாவது, பின்பக்கக் கியர். கிட்டில் வரும் செயின் வீல் 44 அல்லது 46 பல் கொண்டது, சற்றுப் பெரியது. அதனால் பின்னால் பெரிய பல்சக்கரம் கட்டாயம். 14-லிருந்து 34 பல் வரை உள்ள ஏழு கியர் ஃப்ரீவீல் சாதாரணமாகவே கிடைக்கும். 26 அங்குலச் சக்கரத்தில், முன்னால் 44, பின்னால் 34 பல் என்றால், நிமிடத்துக்கு 75 முறை மிதிக்கும்போது வண்டி மணிக்கு 12 கி.மீ. போகும். மேலே போட்ட கணக்கின் வேகமே அது. மோட்டாருக்கும் அந்தச் சுழற்சி ஒத்துப்போகும். ஒற்றைக் கியர் சைக்கிளில் மிட்-டிரைவ் பொருத்துவது காசைக் கரைக்கும் வேலை.

பழையதைக் கழற்றுதல்

கிராங்க் புல்லர், உங்கள் பிபிக்கு ஏற்ற கழற்றும் கருவி, மோட்டாரின் பெரிய நட்டுக்கான ஸ்பானர், ஆலன் கீ செட், டார்க் ரெஞ்ச். இவ்வளவுதான் கருவி.

பெடல், கிராங்க், செயின் வரிசையில் கழற்றுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்மரை. பிபியில் அப்படியே தலைகீழ்: வலப்பக்கக் கப்தான் எதிர்மரை, கடிகாரமுள் திசையில் திருப்பினால் கழலும். இது தெரியாமல் இரும்புக் குழாய் மாட்டி இழுப்பவர்களால்தான் மரை கெடுகிறது. துருப்பிடித்து அசையவில்லை என்றால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாளும் மசியாவிட்டால் கடைக்கு எடுத்துப்போங்கள். கடைக்காரருக்கு அது சில நிமிட வேலை.

பிபிக்கு அடியில் கியர் கேபிளைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வந்து உட்காரும் இடம் அது. கேபிளை வேறு வழியாகக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

மோட்டாரைப் பொருத்துதல்

பிபியின் உட்புறத்தைத் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி, மோட்டாரின் அச்சை வலப்பக்கத்திலிருந்து நுழையுங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் வலப்பக்கக் குழாயில் கியர்பெட்டி இடித்தால், மெல்லிய வாஷர் ஒன்று போட்டு வெளியே தள்ளலாம். அதிகம் தள்ளினால் செயின் கோணலாக ஓடும்.

இனி வருவது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. வேலை செய்யும்போது மோட்டாரின் உடல் மேல்நோக்கித் திரும்பப் பார்க்கும். அதனால் ஹேண்டில்பார் பக்கம் சாய்வாக ஏறும் குழாயை ஒட்டும் வரை அதைத் தூக்கிப் பிடித்து, நடுவில் ஒரு தடித்த ரப்பர் துண்டு வைத்து, அந்த நிலையிலேயே இறுக்க வேண்டும். இடப்பக்கத்தில் பல்லுள்ள தகட்டைப் பிரேமைப் பார்த்து வைத்து, இரண்டு சிறு போல்ட்டுகளையும் தளர்வாக மாட்டி, பிறகு பெரிய நட்டை டார்க் ரெஞ்சால் கிட்டோடு வந்த தாளில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். மேலே பூட்டு நட்டு. கடைசியில் சிறு போல்ட்டுகள். மோட்டாரைக் கையால் பிடித்து ஆட்டினால் இம்மிகூட அசையக் கூடாது.

பேட்டரி

கிட்டில் உள்ள கன்ட்ரோலர் அதிகபட்சம் 15 ஆம்பியர் இழுக்கும். 36 வோல்ட் பேட்டரியில் லித்தியம் செல்கள் பத்து வரிசையாக இருக்கும். முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்டும். ஒவ்வொரு வரிசையிலும் 3.5 ஆம்பியர்-மணி செல்கள் நான்கு என்றால் மொத்தம் 14 ஆம்பியர்-மணி, சுமார் 500 வாட்-மணி. சமதளத்தில் கி.மீ.க்குப் பத்து வாட்-மணி என்று வைத்தால் 50 கி.மீ. போகலாம். ஏற்றத்தில் கணக்கே வேறு: நம் 105 கிலோவை ஆயிரம் மீட்டர் உயர்த்த மட்டும் 286 வாட்-மணி. மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 370 பக்கம் வரும். நீங்கள் மிதிப்பதுதான் அதைக் குறைக்கும்.

செல்களை வாங்கி வீட்டில் பற்றவைக்கலாமா? முதல் வண்டிக்குக் கூடாது என்பதே என் கட்சி. 2022-இல் நாட்டின் பல ஊர்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு பேட்டரிச் சோதனை விதிகளே கடுமையாயின. பழைய லேப்டாப் செல்களைக் கோத்து மலிவாக விற்பவரிடம் போகாதீர்கள். செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் பலகை உள்ளே இருக்கிறதா, அது குறைந்தது 20 ஆம்பியர் தாங்குமா, செல் எந்தக் கம்பெனி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

பேட்டரியைத் தண்ணீர் பாட்டில் திருகுகளில் மாட்டுவார்கள். மூன்று கிலோவுக்கு இரண்டு திருகு போதாது, கூடுதலாக ஒரு பட்டை போட்டுக் கட்டுங்கள். வெயிலில் ஓடி வந்ததும் சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வாசலருகே வைத்தும், எல்லோரும் தூங்கும் நேரத்திலும் சார்ஜ் போடாதீர்கள்.

ஒயரிங், அமைப்பு

இது எளிது. கனெக்டர்களுக்கு நிறமும் அம்புக்குறியும் உண்டு, மாற்றிச் செருக முடியாது. கிட்டில் வரும் பிரேக் லீவரைப் பிடித்தவுடன் மோட்டார் நிற்கும். உங்களுடையது ஹைட்ராலிக் பிரேக் என்றால், லீவரை மாற்றாமல் ஒட்டிக்கொள்ளும் காந்த சென்சார் வாங்குங்கள். பின்சக்கர ஸ்போக்கில் ஒரு காந்தமும், அதன் எதிரே சில மி.மீ. இடைவெளியில் வேக சென்சாரும் வரும். டிஸ்ப்ளேயில் சக்கர அளவையும் 25 கி.மீ. வேக வரம்பையும் பதியுங்கள். கியர் சென்சார் தனியாக விற்கிறார்கள். கியர் மாற்றும் கணத்தில் அது மோட்டாரை நிறுத்தும், அதனால் செயின் பிழைக்கும். வாங்கிவிடுங்கள்.

முதல் ஓட்டமும் அதற்குப் பிறகும்

பின்சக்கரத்தைத் தூக்கிவைத்து, பெடலைச் சுற்றி, மோட்டார் ஓடும்போது இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் நிற்க வேண்டும். பிறகு ஆளில்லாத மைதானத்தில், உதவி அளவு ஒன்றில் ஓட்டுங்கள். இந்த மோட்டார் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று பார்க்காது. சிக்னலில் சும்மா பெடலை உருட்டினாலும் வண்டி கிளம்பிவிடும்.

நிற்கும் முன்பே கியரைக் குறைக்கும் பழக்கம் வர வேண்டும். பெரிய கியரில், மெதுவான சுழற்சியில் மோட்டாரை முக்கவிடுவதுதான் கன்ட்ரோலரையும் உள்ளே உள்ள நைலான் பல்சக்கரத்தையும் கொல்கிறது. மோட்டார் உறை தொட முடியாத அளவுக்குச் சுட்டால் நீங்கள் தவறான கியரில் ஏறியிருக்கிறீர்கள்.

முதல் நூறு கி.மீ. முடிந்ததும் பெரிய நட்டையும் இரண்டு கிராங்க் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த கிராங்கோடு ஓட்டினால் அதன் சதுரத் துளை வாய் அகன்று, கிராங்கையே மாற்ற வேண்டி வரும். செயின் தேய்மான அளவுகோல் ஒன்றை வாங்கி வைத்து, 0.75 காட்டியதும் செயினை மாற்றினால் ஃப்ரீவீல் தப்பிக்கும். தண்ணீர் பீய்ச்சும் சர்வீஸ் கடையில் மட்டும் வண்டியை விடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.